காதில் தொங்கும் நூல் பந்து: தெமாரி நகைகளுக்கு ஓர் அறிமுகம்

நெல்லிக்காய் அளவுகூட இல்லாத உருண்டை. அதன் மேல் சாமந்தி போல இதழ் விரிந்த நூல் வேலை. முதல் முறை பார்ப்பவர்கள் இதை எம்ப்ராய்டரி போட்ட மணி என்றுதான் நினைப்பார்கள். இது மணி இல்லை. நடுவில் இருக்கும் சிறு கருவை விட்டால் மீதி எல்லாம் நூல். இதன் பெயர் தெமாரி. ஜப்பானிய மொழியில் ‘தெ’ என்றால் கை, ‘மாரி’ என்றால் பந்து. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பட்டு நூல் ஜிமிக்கியில் ஓர் அச்சு இருக்கும், அதன் மேல் நூலைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். தெமாரியில் நூலை நூலோடு தைக்கிறார்கள். பசை கடைசியில், கம்பி மாட்டும்போது மட்டும்.

நகையாக மாறுவதற்கு முன் இது விளையாட்டுப் பொருள். காலால் உதைத்து ஆடும் கெமாரி என்ற தோல் பந்தாட்டம் சீனாவிலிருந்து ஜப்பானுக்குப் போய், அரசவைப் பிரபுக்களின் பொழுதுபோக்கானது. கையால் தட்டி ஆடும் பந்து அதற்குப் பின்னால் வந்தது. பட்டு நூல் பெரிய வீடுகளில் மட்டும் புழங்கியவரை தெமாரியும் அந்த வீட்டுப் பெண்களோடு நின்றது. எடோ காலத்தில் (1603–1868) பருத்தி நூல் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியதும் ஊரூராகப் பரவியது. பழைய கிமோனோக் கிழிசல், நெல் உமி, ஒரு வகைப் பெரணியின் பஞ்சு என்று கையில் கிடைத்ததை உருட்டிக் கருவாக வைத்தார்கள். அதற்கடுத்த மெய்ஜி காலத்தில் ரப்பர் பந்து வந்து நன்றாகத் துள்ளியதும் குழந்தைகள் அதற்குத் தாவிவிட்டார்கள். நூல் பந்து அலங்காரப் பொருளாகவும் அன்பளிப்பாகவும் தங்கிவிட்டது.

ஊருக்கு ஊர் அதன் சாயல் மாறும். ககாவா மாவட்டத்துச் சனுகி தெமாரியில் உமிதான் கரு. மேலே செடிச் சாயம் ஏற்றிய பருத்தி நூல். பருத்தி, சர்க்கரை, உப்பு என்ற ‘மூன்று வெள்ளை’களுக்குப் பேர்போன வட்டாரம் அது, நூலுக்குப் பஞ்சமில்லை. அகிதாவின் கோதென் மாரியில் மூன்று பக்கமும் குஞ்சம் தொங்கும். இன்று விற்கும் குஞ்சம் வைத்த தெமாரிக் காதணிகள் அதை நினைவூட்டும். ஃபுகுவோகாவின் யனகாவாவில், பெண் குழந்தைகளுக்கான ஹினா விழாவின்போது சகேமோன் என்ற தொங்கல் கட்டுவார்கள். ஏழு சரத்தில் ஏழேழாக 49 பொம்மைகள், நடுவில் இரண்டு பெரிய பந்துகள், ஆக 51. மனித ஆயுள் ஐம்பது என்று எண்ணிய காலத்தில், அதைவிட ஓர் ஆண்டாவது கூட வாழட்டும் என்ற வேண்டுதல் அது.

பொருள் எங்கே இருக்கிறது

தெமாரி நகை வாங்கினால் கூடவே ஒரு சிறு அட்டையில் ‘அதிர்ஷ்டம்’, ‘நட்பு’, ‘நீண்ட ஆயுள்’ என்று ஏதாவது அச்சடித்திருக்கும். இதில் பாதி உண்மை. பந்துக்கென்று இருக்கும் பொருள் இரண்டுதான். ஒன்று அதன் உருண்டை: மூலை முடுக்கு இல்லாமல் எல்லாம் சுமுகமாக உருண்டு போகட்டும் என்ற வாழ்த்து. இன்னொன்று அதன் நூல்: ஒருவரை ஒருவரோடு கட்டும் உறவு. கனசாவா பகுதியில் மணமாகிப் போகும் மகளுக்குக் காப்பாகத் தெமாரி கொடுக்கும் வழக்கத்தின் பின்னால் இருப்பதும் இந்தப் பொருள்கள்தான். 1601-இல், பின்னாளில் ஜப்பானை ஆண்ட தொகுகவா ஹிதேததாவின் மகள் தமாஹிமே, மழலை வயதிலேயே அங்குள்ள மாயேதா குடும்பத்துக்கு மணமகளாக வந்தபோது கொண்டுவந்த பந்துதான் இதற்குத் தொடக்கம் என்று அவ்வூரார் சொல்வார்கள்.

மற்ற பொருள்கள் எல்லாம் பந்தினுடையவை அல்ல. அதன் மேல் வரும் வடிவங்களுடையவை. அந்த வடிவங்களும் பெரும்பாலும் கிமோனோத் துணியிலும் குடும்ப முத்திரைகளிலும் முதலில் புழங்கியவை. ஆகவே நகையைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி ‘தெமாரிக்கு என்ன பொருள்’ என்பதல்ல, ‘இதில் என்ன வடிவம் இருக்கிறது’ என்பது.

கிகு என்ற செவ்வந்தி நீண்ட ஆயுளைக் குறிக்கும். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் செவ்வந்தி இதழ் மிதக்கும் மது அருந்தி ஆயுளை வேண்டுவது பழைய வழக்கம். பதினாறு இதழ்ச் செவ்வந்தி ஜப்பானிய அரச குடும்பத்தின் முத்திரை. அந்நாட்டுப் பாஸ்போர்ட் அட்டையிலும் பதினாறு இதழ்ச் செவ்வந்திதான்.

அசனோஹா என்பது அசா செடியின் இலை. கஞ்சா இனத்தைச் சேர்ந்த நார்ச்செடி அது. துணி நெய்ய வளர்த்தார்கள். அதிகம் கவனிக்காமலேயே நெட்டுக்கு நேராக, வேகமாக வளரும். பிள்ளையும் அப்படியே வளரட்டும் என்று குழந்தைத் துணிகளில் இந்த வடிவத்தைப் போட்டார்கள். எடோ காலத்தில் ஐந்தாம் இவாய் ஹன்ஷிரோ என்ற கபுகி நாடக நடிகர் மேடையில் இதை உடுத்தி வந்த பிறகு இளம்பெண்களிடமும் பரவியது.

உரோகோ என்பது செதில், வரிசையாக அடுக்கிய முக்கோணங்கள். பாம்பும் மீனும் செதிலால் உடலைக் காப்பது போல, அணிபவரைத் தீமையிலிருந்து காக்கும் என்பார்கள். யபனே, அம்பின் இறகு: விட்ட அம்பு திரும்பி வராது, ஆகவே மணமகளும் புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வராமல் நிலைக்கட்டும். இந்தக் காலத்துப் பெண்ணுக்கு இதைக் கல்யாணப் பரிசாகக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை யோசிப்பது நல்லது. மத்சுபா, பைன் ஊசியிலை: பனியிலும் பசுமை மாறாது, இரண்டு ஊசிகள் அடியில் ஒன்றாக இணைந்திருக்கும். ஷிப்போ என்றால் ஏழு மணிகள். பௌத்த நூல்களின் சப்த ரத்தினம்தான். ஒன்றையொன்று கால்பங்கு கவ்விக்கொண்டே போகும் வட்டங்கள், முடிவில்லாத உறவுச் சங்கிலி. உலோகத்தின் மேல் கண்ணாடிப் பூச்சைச் சுட்டு ஏற்றும் எனாமல் வேலைக்கும் ஜப்பானில் ஷிப்போ என்றே பெயர். கடைக்காரர் ‘ஷிப்போ நகை’ என்றால் வட்ட வடிவத்தைச் சொல்கிறாரா, எனாமலைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புள்ளி வைத்த பிறகுதான் கோலம்

கோலத்துக்குப் புள்ளி எப்படியோ, தெமாரிக்கு ஜிவாரி அப்படி. பந்தைச் சம பாகங்களாகப் பிரித்து, மெல்லிய ஜரிகையால் கோடு போட்டுக்கொள்ளும் வேலைதான் ஜிவாரி. எந்த வடிவம் வரும், எது வராது என்பதை முடிவு செய்வது இதுவே. நிறமும் தையலும் பிறகு.

எளிய பிரிவில் வட துருவம் ஒன்று, தென் துருவம் ஒன்று. நடுவில் இடுப்புக் கோடு. அதன் பெயர் ஓபி, கிமோனோவின் இடுப்புப் பட்டையின் பெயரேதான். வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்கு இறங்கும் கோடுகள் எத்தனையோ, அதுவே பிரிவின் எண்: நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாறு. எட்டுக் கோடு என்றால் நூல் பந்தை நான்கு முறை முழுதாகச் சுற்றி வந்திருக்கிறது. செவ்வந்திக்கு இந்த எளிய பிரிவு போதும்.

கூட்டுப் பிரிவில் இரண்டு துருவங்களோடு நிற்காது. கூட்டு எட்டில் ஒன்பது பெருவட்டங்கள், அதாவது பந்தைச் சரிபாதியாக வெட்டும் முழு வட்டங்கள், பந்தைச் சுற்றும். எட்டுக் கோடுகள் சந்திக்கும் இடம் 6, ஆறு கோடுகள் சந்திக்கும் இடம் 8, நான்கு கோடுகள் சந்திக்கும் இடம் 12. கூட்டுப் பத்தில் பதினைந்து பெருவட்டங்கள். பத்துக் கோடுகள் 12 இடத்திலும், ஆறு கோடுகள் 20 இடத்திலும், நான்கு கோடுகள் 30 இடத்திலும் சந்திக்கும். மொத்தம் 62 சந்திப்புகள்.

இந்தப் பன்னிரண்டும் இருபதும் எங்கோ கேட்ட மாதிரி இருந்தால் காரணம் உண்டு. கறுப்பு வெள்ளைக் கால்பந்தில் 12 ஐங்கோணம், 20 அறுகோணம். அறுகோணங்களை மட்டும் வைத்து ஓர் உருண்டையை மூட முடியாது. பன்னிரண்டு இடத்தில் ஐங்கோணம் வந்தே ஆக வேண்டும். அசனோஹாவுக்கு நேர்வதும் இதுதான். துணியில் எப்போதும் ஆறு இலை நட்சத்திரமாக இருப்பது, கூட்டுப் பத்துப் பந்தில் ஏறும்போது பன்னிரண்டு இடங்களிலும் ஐந்து இலையாகிவிடும். ஐந்திலை அசனோஹாவைக் கண்டு ‘தப்பாகத் தைத்துவிட்டார்கள்’ என்று நினைக்க வேண்டாம்.

கூட்டுப் பத்தைக் குறிக்கக் கணக்குத் தெரியாத கைவினைஞர்களும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள்: சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு, அதோடு நூறில் ஒரு பங்கு. 20 மி.மீ. பந்தின் சுற்றளவு 62.8 மி.மீ.; ஆறில் ஒன்று 10.47, நூறில் ஒன்று 0.63, கூட்டினால் 11.1 மி.மீ. முறையான வடிவியல் கணக்கும் 11.1 என்றே சொல்கிறது. முதலில் எளிய பத்துப் பிரிவு போட வேண்டும். வட துருவத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்றாக ஐந்து கோடுகளில் இந்தத் தூரத்தில் குண்டூசி குத்தி, மிச்சமுள்ள ஐந்து கோடுகளில் தென் துருவத்திலிருந்து அதே தூரத்தில் குத்தினால், ஐந்தும் ஐந்தும் இரண்டு துருவமுமாகப் பன்னிரண்டு புள்ளிகள் கிடைத்துவிடும்.

எந்த அளவுக்கு எந்த வடிவம்

அலமாரியில் வைக்கும் தெமாரி உள்ளங்கையை நிறைக்கும். காதணிக்கு 12 முதல் 20 மி.மீ., கழுத்துத் தொங்கலுக்கு 25 முதல் 30 மி.மீ. வரை பொருந்தும். பந்து சுருங்குகிறது, ஆனால் நூலின் தடிப்பு அதே அளவு சுருங்குவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களின் முக்கால்வாசித் தோல்வி இந்த ஓர் இடத்தில்தான்.

கடையில் கிடைக்கும் எம்ப்ராய்டரி நூலில் ஆறு இழைகள் இருக்கும். ஒன்றைப் பிரித்தெடுத்தால் பந்தின் மேல் சுமார் 0.4 மி.மீ. இடம் பிடிக்கும். இடுப்புக் கோட்டில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே நூல் தடிப்பைப் போல் பத்து மடங்கு, அதாவது 4 மி.மீ. இடைவெளி இருந்தால் வடிவம் தெளிவாக விழும். 12 மி.மீ. பந்தின் சுற்றளவு 37.7, எட்டாகப் பிரித்தால் 4.7, சரி. பன்னிரண்டாகப் பிரித்தால் 3.1, குழம்பும். 16 மி.மீ. பந்து (சுற்றளவு 50.3) பன்னிரண்டு வரை தாங்கும். பதினாறு இதழ்ச் செவ்வந்தி வேண்டுமென்றால் 20 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அசனோஹாவுக்கு 30 மி.மீ. வைத்துக்கொண்டால் நிம்மதி, அங்கே பன்னிரண்டு புள்ளிகளுக்கு நடுவே 16.6 மி.மீ. கிடைக்கும். தையல் பட்டு நூலில் 0.2 மி.மீ. வரை மெல்லியது உண்டு, அதில் இந்த எல்லைகள் தளரும். கண்ணும் பொறுமையும் தளராமல் இருந்தால் சரி.

ஒரு ஜோடிக் காதணி: 16 மி.மீ., எளிய எட்டு, செவ்வந்தி

தொடங்குவதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. தேவையானவை: 12 மி.மீ. தெர்மாகோல் உருண்டை இரண்டு, கொஞ்சம் பாலியஸ்டர் பஞ்சு, அடித்தளத்துக்குச் சாதாரண பாலியஸ்டர் தையல் நூல் அல்லது ஓவர்லாக் நூல், மெல்லிய ஜரிகை, மேல் வேலைக்கு இரண்டு நிற எம்ப்ராய்டரி நூல், மெல்லிய கூர் ஊசி, குட்டையான குண்டூசிகள். குண்டூசி 13 மி.மீ. நீளத்தில் கிடைத்தால் நல்லது. வழக்கமான நீள ஊசி பந்தின் மறுபக்கம் வந்துவிடும். மரமணியைக் கருவாக வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். துளை ஏற்கெனவே இருப்பது வசதிதான், ஆனால் மரத்தில் குண்டூசி இறங்காது. நூல் அடுக்கு நன்றாகத் தடித்திருந்தால்தான் தையல் பிடிக்கும். முதல் பந்துக்குத் தெர்மாகோலே போதும்.

பஞ்சை மூச்சுவிட்டால் பறக்கும் அளவுக்கு மெல்லிசாகப் பிரித்து உருண்டையைப் போர்த்துங்கள். அதன் மேல் தையல் நூலைச் சுற்றுவதுதான் ஜிமாகி. ஒவ்வொரு சுற்றும் பந்தின் அகலமான இடத்தைச் சுற்றி வர வேண்டும், ஒவ்வொன்றும் வேறு திசையில் போக வேண்டும். விரல் நுனியில் பந்தை உருட்டிக்கொண்டே சுற்றினால் இது தானாக அமையும். பஞ்சு போர்த்தி 14 மி.மீ. ஆன பந்து 16 மி.மீ. ஆவதற்கு ஏறக்குறைய 25 மீட்டர் நூல் இழுக்கும். பஞ்சு எங்கும் தெரியாமல், நகத்தால் வருடினால் மேடு தட்டாமல் இருந்தால் போதும் என்று பொருள். நூல் முனையை ஊசியில் கோத்து, மூன்று நான்கு திசைகளில் உள்ளே ஓட்டி வெட்டிவிடுங்கள். காதணி ஜோடி என்பதால் இரண்டு பந்தையும் இந்தக் கட்டம் வரை ஒன்றாகக் கொண்டுவந்து, ஒரே காகிதப் பட்டையால் இரண்டின் சுற்றளவையும் ஒப்பிடுங்கள். அரை மி.மீ. வித்தியாசம் இருந்தால் சிறியதற்கு இன்னும் கொஞ்சம் நூல். தையல் தொடங்கிய பிறகு இதைத் திருத்த வழியில்லை.

இனி அளவு. 3 மி.மீ. அகலக் காகிதப் பட்டை ஒன்றை வெட்டி, அதன் ஒரு முனையைச் சிவப்புத் தலைக் குண்டூசியால் பந்தில் குத்துங்கள். அதுவே வட துருவம். பட்டையைப் பந்தைச் சுற்றிக் கொண்டுவந்து, முனையைத் தொடும் இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய பட்டையைப் பாதியாக மடித்தால் மடிப்பு விழும் இடம் தென் துருவம், கால் மடிப்பு இடுப்புக் கோடு. பட்டையைத் துருவத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, நான்கு பக்கத்திலிருந்தும் தென் துருவம் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஒரே இடத்தில் விழாது. விழுந்த நான்கு புள்ளிகளுக்கும் நடுவில் ஊசியை நகர்த்துங்கள். அதே பட்டையை எட்டாக மடித்து இடுப்பில் சுற்றி, 6.3 மி.மீ.க்கு ஒன்றாக எட்டு ஊசிகள். பிறகு ஜரிகையை வட துருவத்திலிருந்து இறக்கி, தென் துருவம் வழியாக ஏற்றி, நான்கு முழுச் சுற்று. இரண்டு துருவத்திலும் எல்லா இழைகளையும் சேர்த்து ஒரு சின்ன தையல் போட்டுக் கட்டுங்கள். இதை விட்டால் ஊசியை எடுத்ததும் துருவம் நகர்ந்துவிடும். இடுப்புக் கோட்டையும் சுற்றி, வெட்டும் எட்டு இடங்களிலும் இதே போல் ஒரு தையல்.

செவ்வந்திக்கான தையலின் பெயர் உவாகாகே சிதோரி ககாரி. சிதோரி ஒரு கரையோரப் பறவை. அது நடந்த தடம் போல நூல் மேலும் கீழும் குறுக்கே போகும். துருவத்திலிருந்து இடுப்பு வரை 12.6 மி.மீ. துருவத்துக்கு 2.5 மி.மீ. கீழே மேல்புள்ளி, 8.4 மி.மீ. கீழே, அதாவது மூன்றில் இரண்டு பங்கில், கீழ்ப்புள்ளி. முதல் கோட்டின் மேல்புள்ளியில் தொடங்கி, அடுத்த கோட்டின் கீழ்ப்புள்ளி, அதற்கடுத்ததன் மேல்புள்ளி என்று போனால் எட்டாவது கோட்டைத் தாண்டி ஆரம்பித்த இடத்துக்கு வந்துவிடுவோம். வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாக நகர வேண்டும். ஊசி மட்டும் கோட்டின் வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளிவர வேண்டும். இப்போது இரண்டாவது நிறத்தில், இரண்டாவது கோட்டின் மேல்புள்ளியிலிருந்து இதே போல் ஒரு வட்டம். இரண்டும் சேர்ந்தால்தான் எட்டு இதழ்.

அடுத்த சுற்றில் கீழே முந்தைய நூலை ஒட்டி அதற்குக் கீழ். மேலே மட்டும் ஒரு நுட்பம்: முந்தைய சுற்றுகளின் நூல்கள் எல்லாவற்றையும் சேர்த்து அவற்றுக்கு அடியில் ஊசியை விட்டு எடுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் சற்று அகலமாக. இதழின் நுனி அடுக்கடுக்காக விரிவது இந்த ஒரு அசைவால். இடுப்புப் பட்டைக்கு ஒரு மி.மீ. விட்டுவிட்டால் ஏழு அல்லது எட்டுச் சுற்று பிடிக்கும். தென் துருவத்திலும் இதே பூவைத் தைக்க வேண்டும். இரண்டு துருவத்துக்கும் சேர்த்து ஒரு பந்துக்கு ஒற்றை இழையில் இரண்டு, இரண்டரை மீட்டர்தான் செலவு; எட்டு மீட்டர்ச் சுருளைப் பிரித்தால் 48 மீட்டர் வரும் என்பதால் நூல் தீராது. ஒரே நீளமாகக் கோக்காமல் 60 செ.மீ. துண்டுகளாக எடுங்கள். நீள நூல் துணியில் ஓடுவதைவிட இங்கே அதிகம் உராய்ந்து, பாதியிலேயே நார் எழும்பும்.

கடைசியாக இடுப்பில் ஜரிகையோ நிற நூலோ மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, எட்டுக் கோடுகளின் மேலும் மத்சுபா போல ஒரு குறுக்குத் தையல் போட்டு இறுக்கிவிட்டால் நூல் வேலை முடிந்தது.

எது ஏன் கெடுகிறது

ஒரு பக்கத்து இதழ் நீண்டு மறுபக்கத்தில் குட்டையாக இருந்தால் தையலில் குற்றமில்லை. தென் துருவம் இடம் மாறியிருக்கிறது. ஒரு மி.மீ. பிசகு பெரிய பந்தில் தெரியாது. பதினாறு மி.மீ. பந்தில், துருவத்துக்கும் இடுப்புக்கும் உள்ள தூரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது.

இதழ்கள் போகப் போகத் தொய்ந்தால் அடித்தளம் தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கிறது. தையலை இழுக்கும்போது அடி நூலும் சேர்ந்து வருகிறது. மிக இறுக்கமாகச் சுற்றினால் வேறு தொல்லை: தெர்மாகோல் நசுங்கிப் பந்து உருளைக்கிழங்காகும், ஊசியும் இறங்காது. ஊசியை ஆழமாக விடுவதும் தவறு. தெர்மாகோலைத் தொட்டால் அது பொடிந்து தையலுக்குப் பிடிமானம் போய்விடும். ஒன்று, ஒன்றரை மி.மீ. அகலத்துக்கு நூல் அடுக்கை மட்டும் அள்ளினால் போதும்.

துருவத்தில் மேடு தட்டுவது இன்னொரு வழக்கமான புகார். மேல்புள்ளியைத் துருவத்துக்கு மிக அருகில் வைத்ததன் விளைவு. சின்னப் பந்தில் நடுவில் கொஞ்சம் வெற்றிடம் விடுவது அழகுக்கும் நல்லது, கம்பி வெளிவரவும் வழியாகும்.

அடுத்தது பசை. சூப்பர் குளூ, அசிட்டோன் கலந்த பசை, நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் தெர்மாகோல் பக்கம் வரக் கூடாது. கருவே கரைந்து உள்ளே பொந்து விழும். வெளியில் நூல் அப்படியே இருக்கும், அழுத்தினால்தான் தெரியும்.

நகையாக்குவது

வட துருவத்திலிருந்து தென் துருவத்துக்கு நீள ஊசியால் ஒரு துளை. ஊசி நேராகப் போகிறதா என்று இரண்டு பக்கமிருந்தும் பார்த்துக்கொள்ளுங்கள். 0.7 அல்லது 0.8 மி.மீ. தடிப்பும் 35 மி.மீ. நீளமும் உள்ள ஹெட் பின் (ஒரு முனையில் தலை உள்ள நகைக் கம்பி) எடுங்கள். 25 மி.மீ. பின் போதாது; பந்துக்கு 16, மேலும் கீழும் வைக்கும் மூடிகளுக்கு இரண்டு, முனையை வளைத்து வளையம் செய்ய எட்டு என்று கணக்குப் போட்டாலே 26 ஆகிவிடுகிறது. பின்னில் முதலில் ஒரு சின்ன மூடியையோ தட்டை மணியையோ கோத்து, கம்பியில் வெள்ளைப் பசையை லேசாகத் தடவி நுழையுங்கள். மூடி இல்லாவிட்டால் பின்னின் தலை நாளடைவில் நூலை ஒதுக்கிக்கொண்டு உள்ளே புதைந்துவிடும். மேலே இன்னொரு மூடி, பிறகு உருளை மூக்கு பிளையரால் வளையம். ஒரு நாள் காய விட்டுக் காதுக் கொக்கி மாட்டலாம். குஞ்சம் வேண்டுமென்றால் ஹெட் பின்னுக்குப் பதில் கீழேயும் கண் உள்ள ஐ பின். முடிந்த பந்தின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. பெரிய உருண்டைக் காதணி காதை இழுக்குமோ என்று பயப்படுபவர்களுக்கு இது நல்ல செய்தி.

தோளில் முடி புரள்பவர்களுக்கு மேல் வேலையிலும் ஜரிகை போட்டுக் கொடுக்காதீர்கள். முடியைப் பிடிக்கும், நாலு நாளில் பிசிறும்.

மோதிரத்துக்கு ஒரு தனி வழி

பந்தை மோதிரத்தில் வைத்தால் எங்காவது இடித்துக்கொண்டே இருக்கும். கனசாவாவில் இதற்கு ஏற்கெனவே ஒரு விடை உண்டு: காகா யுபினுகி, பட்டு நூல் வளையம். கிமோனோ தைக்கும் பெண்கள் நடுவிரலில் ஊசி தள்ளப் போட்டுக்கொண்டது. மிச்ச நூலைச் சேர்த்து வைத்துத் தாங்களே செய்துகொண்டார்கள். காகிதப் பட்டையை விரல் அளவுக்குச் சுருட்டி, துணி போர்த்தி, மேலே பட்டுப் பஞ்சைச் சுற்றிக் கொஞ்சம் மேடாக்குவார்கள். விளிம்பைச் சம பாகங்களாகக் குறித்து, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்வாக நூல் ஓடும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய நூலை ஒட்டியே அமைய, இடைவெளி எல்லாம் ஒரே நேரத்தில் நிரம்பி முடியும். சுற்றளவு 54 மி.மீ. என்றால் பன்னிரண்டு பாகம், பாகத்துக்கு 4.5 மி.மீ.; 0.25 மி.மீ. நூலில் பதினெட்டுச் சுற்று. எந்தச் சுற்றில் நிறம் மாற்றுகிறோம் என்பதுதான் வடிவம். உரோகோவும் யபனேயும் இதில் விழுவது போல உருண்டையில் விழாது. பாகங்கள் சமமாக இல்லாவிட்டால் சில இடம் முன்னதாக நிரம்பி, சில இடத்தில் பஞ்சு எட்டிப் பார்க்கும். அதற்கு மருந்து இல்லை, பிரிக்கத்தான் வேண்டும்.

நூல் இல்லாத தெமாரி

வெள்ளியில் செதுக்கியது, எனாமல் பூசியது, பிசினில் வார்த்தது என்று வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட நகைகளும் ஏராளம். தட்டையான வில்லையில் பந்தின் ஒரு பக்கம்தான் தெரியும் என்பதால் செவ்வந்தி எளிதாக அமையும். கூட்டுப் பத்து வடிவங்கள் பாதி வெட்டுப்பட்டு நிற்கும். வில்லை பந்து போலத் தோன்றுவதற்கு ஒரு கணக்கு உண்டு. 20 மி.மீ. வில்லையில் துருவத்தை நடுவில் வைத்தால், துருவத்திலிருந்து 30 பாகை இறங்கிய வளையம் நடுவிலிருந்து 5 மி.மீ.யில் வரும், 60 பாகை வளையம் 8.7 மி.மீ.யில். மிச்சமுள்ள 30 பாகையும் கடைசி 1.3 மி.மீ.க்குள் நெருங்கி அடைந்துவிட வேண்டும். விளிம்பை நோக்கிக் கோடுகள் நெருக்கியிருந்தால் வரைந்தவருக்குப் பந்து தெரியும் என்று பொருள். சம இடைவெளியில் வட்டம் போட்டிருந்தால் அது வெறும் பூ வில்லை. பெயர் மட்டும்தான் தெமாரி.

நூல் நகையை அணியும்போது வாசனைத் தெளிப்பும் முடித் தெளிப்பும் முதலில், நகை கடைசியில். தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பு, கருநீல நூல்களைத் தைப்பதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். அப்போது சாயம் இறங்கினால் வியர்வையிலும் இறங்கும், பக்கத்து வெள்ளை இதழ் இளஞ்சிவப்பாகும்.